அவளுக்கு என்றைக்கு லீவு?

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் அம்மா அப்பாவை ஓர் ஆளின் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

இடது தோளுக்குக் கீழே தடவிப் பாருங்கள். மிளகு அளவில் ஒரு தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசி போட்ட இடம். உங்களில் பலருக்கு அந்த ஊசியைப் போட்டவள் நான். நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏ.என்.எம். ஆக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தெருவில் எனக்குப் பெயர் நர்ஸம்மா.

நான் செய்த இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் அம்மாக்களின் வாசலில் உட்கார்ந்து, “ஆணோ பொண்ணோ ரெண்டோட நிறுத்திக்கம்மா” என்று சொன்னவளும் நான்தான். சிவப்பு முக்கோணம் போட்ட நோட்டீஸ் எப்போதும் என் பையில் இருக்கும். திண்ணையிலிருந்து உங்கள் ஆயா சத்தம் போடுவார்: “ரெண்டோட நிறுத்திக்கிட்டா கடைசிக் காலத்துல யாரு பாக்கறது? நீயா வந்து பாப்ப?” நான் சிரித்துக்கொண்டே “வர்றேன் ஆயா” என்பேன். அது எவ்வளவு நியாயமான கேள்வி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

எங்கள் பிரச்சாரம் ஜெயித்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் 1.5. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். அன்றைக்குப் பெற்றுக்கொண்ட இரண்டில் ஒன்று இன்றைக்குப் பாரிசின் புறநகரில் இருக்கிறது, இன்னொன்று ஷார்ஜாவில். ஆயாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே, அதற்காக ஓய்வுக்குப் பிறகும் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். பிரஷர் பார்க்கிறேன், சர்க்கரை பார்க்கிறேன், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன்.

நீங்கள் போனதற்காகத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்து பாகூர் ஏரி நிரம்பினாலும், இரண்டு காணி நிலம் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்காது. கடல் கடந்து போவதும் நமக்குப் புதிதில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போனவர்களின் வீட்டை இன்றும் ‘சொல்தா வீடு’ என்கிறோம். ஆனால் அன்றைக்கு ஒருவர் போனால் வீட்டில் அண்ணி, ஓர்ப்படி, நாத்தனார், கல்யாணமாகாத அத்தை என்று ஆறு பெண்கள் இருந்தார்கள். கிழவரைக் குளிப்பாட்டுவதும், கஞ்சி புகட்டுவதும், இரவில் எழுந்து தண்ணீர் கொடுப்பதும் அந்த ஆறு பேருக்குள் பிரிந்துபோனது. யாரும் சம்பளம் கேட்கவில்லை. அதனால் அது வேலை என்றே யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கு அந்த ஆறு பேரின் இடத்தில் நீங்கள் ஒருத்தியை வைத்திருக்கிறீர்கள். அந்த ஒருத்தியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். எந்த வீடு என்று தேட வேண்டாம், இதுபோல நிறைய உண்டு. கூடத்தில் கட்டில். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்ட அம்மா. பேச்சு குழறுகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. கூரை மூலையில் ஒரு கேமரா. நான் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கேமரா பேசியது: “அக்கா, அம்மா சாப்ட்டாங்களா? மோஷன் போனாங்களா? மாத்திரை குடுத்தாச்சா?” பார்த்துக்கொள்ளும் பெண் கேமராவை நிமிர்ந்து பார்த்து, “ஆச்சு சார், ஆச்சு சார்” என்றாள். அம்மா வாயைத் திறந்தார். ஒரு சொல் வெளியே வர அவருக்குப் பத்து நொடி பிடிக்கும். அதற்குள் மகன் போய்விட்டான்.

நான் காத்திருந்தேன். “தோ…சை” என்றார். மூன்று மாதமாக இட்லி. அலுத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த மகன் கெட்டவன் இல்லை. தூக்கத்தை விட்டு அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறான். ஆனால் அம்மாவைப் பற்றி எல்லாம் கேட்கிறான், அம்மாவைக் கேட்பதில்லை. வயதானவர் என்றால் அவருக்குப் பதில் வேறொருவர் பேசிவிடலாம் என்று நமக்குள் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை வயதுப் பாகுபாடு என்கிறது. முதியவர்களைக் குறைவாக எண்ணும் மனப்போக்கு உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று 2021 மார்ச்சில் அறிக்கையே வெளியிட்டது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் பாசத்தின் குரலில்தான் வரும். “இந்த வயசுல கண் ஆபரேஷன் எதுக்கு, சும்மா கஷ்டப்பட வேணாம்.” “பணம் எதுக்குமா உனக்கு? ஏ.டி.எம். கார்டு என்கிட்டயே இருக்கட்டும்.” வெளியே போனால் வேறு குரல். நாற்று நட்டும் களை எடுத்தும் ரேகை தேய்ந்துபோன விரலைக் கைரேகைக் கருவி ஏற்காது. கவுன்ட்டரில் இருப்பவர் “ஆயாவுக்குக் கை சரியில்ல” என்பார். கருவி சரியில்லை என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது, அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எப்படி என்று கேளுங்கள். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவர் முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து மெதுவாகத் தன் பக்கம் உருட்ட வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒன்று. வால் எலும்பும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. நனைந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. இரவில் மட்டும் பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி.

“ஒரு வருஷமா படுக்கைல இருக்காங்க, ஒரு புண்ணு வரல, நல்ல ஆளு கெடச்சிருக்கு” என்று நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். அந்த ஒரு வருஷத்தில் ஒருத்தி ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவளுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் ‘24 மணி நேர ஆள்’. இந்தப் பெயர் எந்த ஊரில் புழங்குகிறது தெரியுமா? 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் உரிமை கேட்டு நின்ற தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டது. 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒவ்வொரு ஜூலை 30-ம் அந்தத் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம். மில் 24 மணி நேரம் ஓட வேண்டுமென்றால் மூன்று ஷிஃப்ட் ஆள் வேண்டும் என்பது நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தது. நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஒரே ஒருத்தி மூன்று ஷிஃப்டும் பார்க்கிறாள்.

யார் இவள்? நான் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவள். வயது நாற்பதுக்கு மேல். கரும்பு வெட்டவோ நடவுக்கோ போய்க்கொண்டிருந்தவள், வேலை குறைந்ததும் ஏஜென்சி மூலமாக வந்திருப்பாள். இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று நம் எல்லை வயலுக்குள் புகுந்து புகுந்து போகிறது. பஸ்ஸில் போனால் எங்கே மாறியது என்றே தெரியாது. அவளுக்குத் தெரியும். ரேஷன் அட்டை அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம். நாளைக்கு அவளுக்கு இடுப்பு போய்விட்டால் இரண்டு பக்கத்திலும் கேட்பாரில்லை. “வயசாயிடுச்சு, தூக்கிப் பாக்க முடியாது” என்று ஏஜென்சியே கழற்றிவிட்டுவிடும். வயதானவர்களைப் பார்த்துக்கொண்டவளுக்கே வயதாகிவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் விதி.

அவள் வந்த முதல் நாள் உங்கள் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஊரும்மா?” இரண்டாவது கேள்வி, “எந்தத் தெரு?” நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி எதை விசாரிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பதிலைப் பொறுத்து, சில வீடுகளில் தனி டம்ளர் தோட்டத்துப் பக்கம் போய்விடும். அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. அன்றைக்கு ராத்திரி அந்த அம்மாவின் உடம்பைத் துடைத்து, கழிவை எடுத்து, துணி மாற்றுவது அதே கைதான். இதை உங்களிடம் சொன்னால், “அவங்க அந்தக் காலத்து மனுஷங்க, இனிமே மாத்த முடியாதும்மா” என்கிறீர்கள். அதுவும் வயதுப் பாகுபாடுதான். எழுபது வயதில் வாட்ஸ்ஆப் கற்றுக்கொண்டவரால் இதையும் கற்றுக்கொள்ள முடியும். சொல்ல வேண்டியது நீங்கள். அவள் சொன்னால் வேலை போய்விடும்.

பாகூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மகள் குவைத்தில் ‘கத்தாமா’வாக, அதாவது வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அங்கே ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சம்பளத்தில் இங்கே தன் அம்மாவுக்குப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை வைத்திருக்கிறாள். “உங்க அம்மாவை யாரு பாத்துக்கிறாங்க?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். “பக்கத்து வீட்டு அக்கா ஒருவேள கஞ்சி ஊத்துறாங்க” என்றாள். குவைத்தில் தொடங்கிய சங்கிலி ஒருவேளைக் கஞ்சியில் முடிந்துவிட்டது. வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று நம் அரசு விதி வைத்திருக்கிறது. அவள் பாதுகாப்புக்காக வைத்த விதி. ஆனால் மகளுக்கு முப்பது ஆகும்போதுதானே அம்மாவுக்கு முட்டி வலி தொடங்குகிறது?

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். சொல்கிறேன்.

என் அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், வீட்டில் ஒரு பெண்ணை வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் படுக்கைப் புண் பாடம் நடத்துகிறவள், என் அம்மாவின் முதுகை அவளிடம் ஒப்படைத்திருந்தேன். பொங்கலுக்கு நான்கு நாள் லீவு கேட்டாள். “நீ போயிட்டா யாரு திருப்புவா?” என்று கேட்டேன். ஒரு புடவையும் ஐந்நூறு ரூபாயும் கையில் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். தை முடிவதற்குள் அவள் ஊரிலிருந்து போன் வந்தது. அவள் அம்மா போய்விட்டார். பொங்கலுக்குப் போயிருந்தால் பார்த்திருப்பாள்.

கருமாதி முடிந்து திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: “அம்மாவுக்கு முதுகு எப்படி இருக்கு?”

என் தாய்க்கு நான் பட்ட கடனை அவளை வைத்து அடைத்துக்கொண்டேன். அவள் தன் தாய்க்குப் பட்ட கடனை அடைக்க நான்கு நாள் கேட்டபோது ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். அன்றையிலிருந்து எனக்குள் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். பெற்றவர்களுக்குச் செய்கிற கடமையை ஆள் வைத்துச் செய்வது தப்பில்லை. ஆனால் அந்த ஆளின் தூக்கமும் லீவும் அவள் வீட்டுச் சாவும் வாழ்வும் அந்தக் கடமைக்குள் சேர்ந்தவை. அவற்றை வெளியே தள்ளிவிட்டு நம் கடமையைச் செய்து முடித்ததாகச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் பக்கம் கொஞ்சம் சொல்கிறது. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட அந்தச் சட்டம் இடம் தருகிறது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி தானசெட்டில்மெண்ட் எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அதன் 23-ம் பிரிவின்படி பத்திரத்தையே ரத்து செய்யலாம். 2025 ஜனவரி 2 அன்று மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும் பெரியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அவள் பக்கம் சட்டம் அநேகமாக ஊமை. வீட்டு வேலை செய்பவர்களுக்கான 2011-ம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அவர்களுக்கென்று தனி மத்தியச் சட்டமும் இல்லை. அப்படியொரு சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று மத்திய அரசிடம் சொன்னது. நம் நிலத்தை மீட்க வழி இருக்கிறது, அவள் ஞாயிற்றுக்கிழமையை மீட்க வழியில்லை.

ஆனால் உங்களுக்கு இதெல்லாம் தெரியாததில்லை. நீங்கள் இருக்கும் ஊரில் தினமும் பார்க்கிறீர்கள். பிரான்சில் வீட்டுக்கு ஒரு ஆள் வைத்தால் அரசிடம் பதிய வேண்டும், வார ஓய்வு தர வேண்டும், சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். அங்கே 2003 ஆகஸ்ட் வெயிலில் ஏறத்தாழ 15,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள், பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் போயிருந்தார்கள். அந்த வெட்கத்தில் 2004-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் கூடுதல் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். அதற்காக முதலாளிகள் கட்டும் பணம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்குப் போகும். அங்கே வேலை பார்க்கும் நீங்களும் அந்த ஒரு நாள் உழைக்கிறீர்கள். முகம் தெரியாத பிரெஞ்சுக் கிழவிக்காக உழைக்கிறீர்கள், நல்லதுதான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: 2023 ஜனவரியிலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாளாவது கட்டாய லீவு. காசு கொடுத்தும் அந்த நாளை வாங்க முடியாது. நான் வாங்கினேனே, அதுபோல வாங்க முடியாது.

அங்கே கடைப்பிடிப்பதை இங்கேயும் கடைப்பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு, ராத்திரிக்குப் பாதி நேரமாவது மாற்று ஆள், நோய்க்கும் சாவுக்கும் சம்பளத்தோடு விடுப்பு. இவற்றைப் பேசி ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்சிக்குக் கொடுப்பதில் அவள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பணம் கூடத்தான் ஆகும். தாங்காது என்றால் அண்ணன் தம்பி மட்டும் பங்கு போடாமல் அக்கா தங்கையையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நிலத்தில் பங்கு கேட்டால் முகம் சுளிக்கிற நீங்கள், ராத்திரி கண் விழிக்க மட்டும் தங்கையைக் கூப்பிடாதீர்கள்.

கூப்பிடும்போது முதலில் அம்மாவிடம் பேசுங்கள். பத்து நொடி காத்திருங்கள். தோசை கிடைத்ததா என்று கேளுங்கள். பிறகு அவளிடம் பேசுங்கள், மோஷனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், “இந்த வாரம் உங்களுக்கு என்றைக்கு லீவு?” என்று கேளுங்கள்.

வில்லியனூர் தேருக்கு வருவீர்கள். துணைநிலை ஆளுநர் வடம் தொட்டு இழுப்பதைப் படம் பிடிப்பீர்கள், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். இந்த முறை கொஞ்சம் கீழே பாருங்கள். சக்கரத்தோடு சக்கரமாக ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர் இருப்பார். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது. படத்தில் அவர் விழ மாட்டார்.

தேருக்கோ பொங்கலுக்கோ, என்றைக்கு வந்தாலும் வந்த மறுநாளே அவளைப் பத்து நாள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள், சம்பளத்தோடு. அந்தப் பத்து நாளும் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நீங்கள் எழுந்திருங்கள். ஆண்பிள்ளை, எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டாம். தெருமுனையில் நின்று நர்ஸம்மா என்று கூப்பிட்டால் வருகிறேன். கையை எங்கே வைப்பது, எப்படி உருட்டுவது என்று அரை மணி நேரத்தில் சொல்லித் தருகிறேன். பயப்படாதீர்கள். உங்களுக்கு முதல் ஊசி போட்டவள்தானே.

அன்புடன்,
உங்கள் ஊர் நர்ஸம்மா
பாகூர்